தலைவர் வீட்டுக்காரர்

ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்கள் சார், சாரல் மேலே அடிக்கிறது. இந்தப் பை நனையக் கூடாது. உள்ளே மனு இருக்கிறது. சோறும் இருக்கிறது. சோறு நனைந்தால் நனையட்டும், மனு நனையக் கூடாது.

பஸ் பிடித்து டவுன் கோர்ட்டுக்குத்தான் போகிறேன். சட்டை இஸ்திரி போட்டது, வேட்டி சலவைக்குப் போய் வந்தது. எல்லாம் அவள் எடுத்து வைத்தது. "கோர்ட்டுக்குப் போறீங்க, கசங்கின சட்டையோடயா போறது?" என்றாள். யார் மேல் கேஸ் போடப் போகிறேனோ அவளே சட்டை எடுத்துக் கொடுக்கிறாள் சார். அவ்வளவு தைரியம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெண்டாட்டி. பேர் பொன்னழகு. எங்கள் ஊர் சேந்தன்விடுதிக்கு அவள்தான் ஊராட்சி மன்றத் தலைவர். நான் அடைக்கலம். பேரைச் சொன்னால் இப்போது யாருக்கும் தெரியாது. தலைவர் வீட்டுக்காரர் என்று சொன்னால்தான் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன், நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். ஒரு ஆளுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஓட்டிலிருந்து என்பீர்கள். சரி. அந்த ஓட்டு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து வந்தது. வீடு வீடாகப் போய்க் கும்பிட்டவன் நான். போஸ்டரில் என் படம் இவ்வளவு பெரிசு, அவள் படம் ஓரத்தில் தபால் தலை அளவு. ஊரே என் முகத்தைப் பார்த்துத்தான் குத்தியது. அப்படியானால் அந்த அதிகாரம் யாருடையது?

இதற்கு முன்னால் நானே இரண்டு தடவை நின்றேன். இரண்டு தடவையும் தோற்றேன். அது வேறு விஷயம், சாராயம் விளையாடியது. மூன்றாவது தடவை நிச்சயம் என்று இருந்தபோது பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். யாரைக் கேட்டு ஒதுக்கினார்கள்? எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் பேனாவால் ஒரு கோடு போடுகிறான், இங்கே ஒரு மனுஷனுடைய ஆயுசு ஆசை போய்விடுகிறது. சரி, போனால் போகட்டும், பெண்டாட்டியை நிறுத்துவோம், ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதானே என்று நிறுத்தினேன். அவள் மாட்டேன் என்றாள். "எனக்கு இது சரிப்பட்டு வராது, ஆளை விடுங்க" என்று அழுதாள் சார். நான்தான், "நீ கையெழுத்து மட்டும் போடு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சமாதானம் சொன்னேன்.

ஜெயித்தாள். நிறைய ஓட்டு. நான் நின்றபோது விழாத ஓட்டெல்லாம் விழுந்தது. என்மேல் ஊருக்கு இருந்த பரிதாபம் அது.

முதல் சில மாதம் நன்றாகத்தான் போனது. ஆபீசில் தலைவர் நாற்காலியில் நான் உட்காருவேன். அவள் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில். கிளார்க் திரவியம் பேப்பரை என்னிடம் நீட்டுவான், நான் அவள் பக்கம் தள்ளுவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். இதில் ஒரு சின்னத் தொந்தரவு. அவள் வாசித்துவிட்டுப் போடுவாள். பத்தாவது வரை போனவள். நான் மூன்றாவதோடு மாடு மேய்க்கப் போனவன். "என்னத்தப் படிக்கிற, போடு" என்பேன். "இருங்க" என்பாள். அந்த 'இருங்க'வில்தான் ஆரம்பித்தது எல்லாம். அப்போதே கண்டித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் ஆபீசுக்குப் போகிறேன், என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் காணோம். வெளியே வேப்பமரத்தடியில் போட்டிருந்தது. "உள்ள புழுக்கமா இருக்கு, காத்தாட அங்க உக்காருங்க" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால் போய் உட்கார்ந்தேன். உண்மையிலேயே காற்று வந்தது. ஆனால் பேப்பர் வரவில்லை.

அப்புறம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனெல்லாம், "தலைவரம்மா இருக்காங்களா?" என்று கேட்டான். நான் இருக்கிறேன் சார், ஆறடி ஆள், கண்ணுக்கு எதிரே. என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்கிறான். எங்கள் ஊரில் ஒரு மில்லுக்காரர் இருக்கிறார், அரிசி மில் வைத்திருக்கிறவர், ராமநாதன் என்று. பெரிய ஆள். அவர் யாருக்கும் எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் இவள் தெருவில் போகிறாள், அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். நான் அந்த மனுஷனுக்கு முப்பது வருஷம் நெல் அளந்திருக்கிறேன், எனக்காக அந்தத் துண்டு ஒரு விரல் அளவு நகர்ந்ததில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கொடியேற்றினதைச் சொல்ல வேண்டும். குடியரசு தினம். பள்ளிக்கூடத்தில் தலைவர்தான் கொடி ஏற்ற வேண்டும். பக்கத்து ஊரிலெல்லாம் தலைவி வீட்டுக்காரன்தான் ஏற்றுகிறான், அவள் பக்கத்தில் நின்று கை தட்டுகிறாள். இவளிடம் கேட்டேன். "சட்டப்படி நான்தாங்க ஏத்தணும்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். கொடியை மடித்து உள்ளே பூவை வைத்துக் கட்டுகிற வேலை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள். இழுத்தால் அவிழ்கிற மாதிரி சுருக்குப் போட வேண்டும். நான் மாடு கட்டிப் பழகிய கை. காற்று அடிக்கிறதே என்று கொஞ்சம் நன்றாகவே கட்டினேன். அவ்வளவுதான் சார். வேறு எந்த எண்ணமும் கிடையாது.

இழுத்தாள். அவிழவில்லை. மறுபடி இழுத்தாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், மனசுக்குள் யாரோ சந்தனம் பூசின மாதிரி இருந்தது. அப்போது அவள் மைக்கைக் கையில் வாங்கினாள். "இது எங்க வீட்டுக்காரர் போட்ட முடிச்சு. கல்யாணத்தன்னைக்குப் போட்டதே இன்னும் எனக்கு அவிழல. இதையாச்சும் அவரே வந்து அவுக்கட்டும். ஏங்க, வாங்க" என்றாள். ஊரே சிரித்தது. போனேன். கொடியைக் கீழே இறக்கி அவிழ்த்தால் எனக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பூவெல்லாம் என் தலையில் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கு.

சரி, இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கேஸ் இதற்கில்லை. கேஸ் தென்னைக்கு.

எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் ஒன்று இருக்கிறது. வரத்து வாய்க்கால். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி இறங்கி ஏறுகிற அகலமாம். இப்போது ஒரு ஆடு தாண்டும். அவரவர் நிலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மில்லுக்காரர் மதில் சுவரையே வாய்க்காலுக்குள் கட்டியிருக்கிறார். என்னுடையது ஏழு தென்னை. கல்யாணமான வருஷம் வைத்தது. கன்று வாங்கி வந்து குழி தோண்டி நட்டவன் நான். தண்ணீர் ஊற்றியது அவள்தான், குடம் குடமாக, மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு. தண்ணீர் ஊற்றுவது பெரிய விஷயமா? நடுகிறதுதானே விஷயம்.

மே மாசம் கிராம சபை. கண்மாய் நிறைந்து பல வருஷமாகிறது, வாய்க்காலை எடுத்து விடுங்கள் என்று ஊர் கேட்டது. இவள் எழுந்து, "எடுப்போம். வாய்க்காலுக்குள்ள யார் யாருது இருக்கோ, அவங்களே எடுத்துட்டா நல்லது" என்றாள். உடனே மில்லுக்காரர் உட்கார்ந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். "தாயி, முதல்ல ஒன் வீட்டுக்காரர் தென்னையைக் கேளு. அப்புறம் என் சொவத்தைக் கேக்கலாம்." சபை முழுக்கச் சிரிப்பு. பாருங்கள், அவ்வளவு பெரிய மனுஷன் எனக்காகப் பேசினார். இவள் சிரிக்கவில்லை. "கேக்கறேன்" என்றாள். ஒரே வார்த்தை. உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். தீர்மானம் போட்டாள். தாசில்தாரிடம் போனாள். ஒரு நாள் தபால்காரர் ஆரோக்கியம் வந்து, "அண்ணே, ஒங்களுக்கு ரிஜிஸ்தர் தபால்" என்றார். எனக்கு யார் சார் ரிஜிஸ்தர் அனுப்பப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஆரோக்கியம் போகாமல் நிற்கிறார். அவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு. எனக்கு வாசிக்கச் சரியாக வராது. உள்ளே அடுப்படியில் அவள் இருந்தாள். "இந்தா, என்ன வந்திருக்குன்னு பாரு" என்று கொடுத்தேன்.

கையைத் துடைத்தாள். கண்ணாடியைப் போட்டாள். வாசித்தாள். நீர்வழிப் புறம்போக்கில் மேற்படி நபர் ஆக்கிரமிப்புச் செய்து வளர்த்துள்ள ஏழு தென்னை மரங்களை இன்ன தேதிக்குள் அகற்றிக்கொள்ள வேண்டியது. தவறினால் சட்டப்படி அகற்றப்படும். இப்படிக்கு, தலைவர்.

"மேற்படி நபர் யாரு?" என்றேன்.

"நீங்கதான்."

"தலைவர் யாரு?"

"வீடு வீடாப் போயி, என் பொண்டாட்டிக்குப் போடுங்கன்னு கும்பிட்டீங்களே, அவதான்."

வாசலில் ஆரோக்கியம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, அடைக்கலத்துக்கு வந்த நோட்டீசை அனுப்பினவளே வாசித்துக் காட்டினாள் என்று. டீக்கடைக்குப் போனால், "என்னண்ணே, மேற்படி நபர் எப்படி இருக்காரு?" என்கிறான்கள்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நியாயமாகத்தான் கேட்டேன், நீங்களே சொல்லுங்கள். "நம்ம டவுன்ல பஸ் ஸ்டாண்டு எங்க இருக்கு? கண்மாய்க்குள்ள. தாலுகா ஆபீசு எங்க இருக்கு? கண்மாய்க்குள்ள. கோர்ட்டு எங்க இருக்கு? அதுவும் கண்மாய்க்குள்ள. முழுக் கண்மாயை மூடி ஒக்காந்திருக்கிற அரசாங்கத்துக்கு, என் ஏழு தென்னையைக் கேக்க என்னடி யோக்கியதை இருக்கு? அதை மொதல்ல எடுக்கச் சொல்லு, அப்புறம் எங்கிட்ட வா" என்றேன். என் ஆயுசில் இவ்வளவு சரியாக ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் ரசம் ஊற்றினாள். அப்புறம் சொன்னாள்: "நீங்க கேக்கறது சரிதான். அவங்களுக்கு யோக்கியதை இல்ல. அவங்களைக் கேக்கவும் யாராச்சும் வேணும்ல? வாய்க்காலுக்குள்ள ஒரு காலை வச்சுக்கிட்டு நான் யாரைப் போயிக் கேக்க?"

நான் ரசத்தில் உப்பு இல்லை என்றேன். உப்பு இருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

பார்த்தீர்களா சார், எப்படிப் பேசுகிறாள் என்று. இந்தப் பேச்செல்லாம் எங்கே கற்றாள்? எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாயில்லாப் பூச்சி. அந்த நாற்காலிதான் கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். முதல் சில மாதம் உட்கார்ந்திருந்தேனே என்கிறீர்களா? அது போதாது. நாள் வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் விடியக்காலம் வயலுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அவள் அங்கே நிற்கிறாள், கடைசித் தென்னையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு. ரொம்ப நேரம் நின்றாள். மரம் பிடுங்குகிற மிஷினுக்கு அளவு பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, என்னைப் பார்க்காதது மாதிரிப் போய்விட்டாள். பனி நேரம், சளி பிடித்திருக்கும். அன்றைக்கே டவுனுக்கு வந்து வக்கீலைப் பிடித்தேன்.

இன்றைக்குத்தான் கெடு. மத்தியானம் மிஷின் வருகிறது. அதற்குள் தடை வாங்கிவிடலாம் என்று வக்கீல் சொன்னார். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டார், நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. காலையில் கிளம்பும்போது, "என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. வேணும்னா கொடுங்க, நானே வாசிச்சுச் சொல்றேன்" என்றாள். கேஸ் அவள் மேலே! அவளிடமே கொடுக்க முடியுமா? புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் வாசியுங்கள் சார். மெதுவாக. பஸ் சத்தத்தில் கேட்காது.

ம். மனுதாரர் அடைக்கலம். சரி. எதிர்மனுதாரர் திருமதி பொன்னழகு. ம்... கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில்தான் இப்படி இரண்டு பேரையும் சேர்த்து வாசித்தது. சரி, மேலே போங்கள்.

'தன் சொந்த உழைப்பால் தண்ணீர் ஊற்றி வளர்த்த.' தண்ணீர்... சரி, போங்கள். வக்கீல் அப்படித்தான் எழுதுவார்.

என்ன? இன்னொரு தடவை வாசியுங்கள்.

'சுயலாப நோக்கத்துடன், மூன்றாம் நபர்களிடம் கையூட்டுப் பெற்றுக்கொண்டு.' கையூட்டு என்றால் லஞ்சம்தானே?

இந்த வக்கீல் யாரைச் சொல்கிறான்? எவன் சொன்னான் இவனிடம்? நான் தென்னையைப் பற்றித்தான் சொன்னேன் சார், சத்தியமாக. இதை நான் சொல்லவே இல்லை. அவளா லஞ்சம் வாங்குவாள்? ரோடு போட்ட காண்டிராக்டர் ஒருத்தன் பழக்கூடை கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அதை என் தலையிலேயே தூக்கி வைத்து அங்கன்வாடியில் கொடுக்கச் சொன்னாள். வழியில் ஒரு ஆப்பிளை எடுத்து மடியில் வைத்தேன், வீட்டு வாசலில் மடியைத் தடவிப் பார்த்து அதையும் பிடுங்கி, மறுபடி என்னை அனுப்பினாள். மற்ற ஊர் ஆபீசுக்குப் போனால் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டாள், தண்ணீர் பாட்டில் கையோடு கொண்டு போவாள். அவளைப் போய்! திமிர் பிடித்தவள் என்று எழுது, புருஷனை மதிக்காதவள் என்று எழுது, நானே சாட்சி சொல்கிறேன். லஞ்சம் என்று எழுத இவன் யார்?

பேனா இருக்கிறதா சார்? அந்த வரியை அடியுங்கள். நன்றாக அடியுங்கள், தெரியக் கூடாது.

என்ன, தயங்குகிறீர்கள்? அது இல்லாவிட்டால் மனுவில் ஒன்றும் இல்லையா? தென்னை இருக்கிறதே. தென்னை புறம்போக்கில்தான் நிற்கிறது என்று மனுவிலேயே இருக்கிறதா? ஓகோ.

...

ஏன் சார் பஸ் நின்றுவிட்டது? டவுன் வந்துவிட்டதா? கண்டக்டர் என்ன சொல்கிறார்? பஸ் ஸ்டாண்டுக்குள் போகாதா? எட்டிப் பாருங்கள், பார்வைக்கு எட்டின மட்டும் தண்ணீர். கடைக்குள்ளெல்லாம் தண்ணீர். கோர்ட்டு? கோர்ட்டுக்குள்ளேயும் முழங்கால் அளவா? லீவு விட்டாச்சா?

நல்ல அரசாங்கம்! நான் சொன்னேனா இல்லையா? நான் வந்துவிட்டேன் சார். நீங்கள் சாட்சி. மனுவோடு, குறித்த நேரத்துக்கு வந்துவிட்டேன். கோர்ட்டுதான் இல்லை.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான்.

"சொல்லு... ஆமா, தண்ணி... தெரியும் தெரியும், இப்பத்தான் கண்டக்டர் சொன்னாரு... அதுக்குள்ள வந்துருச்சா மிஷினு? மத்தியானம்னாங்க?... யாரு, மில்லுக்காரரா? அவரு எதுக்கு அங்க... சொவத்தையா? அவரே இடிக்கிறேன்னாரா?... தென்னை விழுந்ததும்... ம்... ம்... இல்ல, நான் வராம எவனும் கை வைக்கப்படாது... சொல்லிட்டியா? நீயே சொல்லிட்டியா?... சரி. கொடையைப் பிடிச்சிட்டு நில்லு, சளி புடிச்சிருக்குல்ல... இன்னும் சாப்பிடல. வையி."

கேட்டீர்களா சார்? மிஷின் வந்து நிற்கிறதாம். தாசில்தார் ஆபீஸ் ஆள் நிற்கிறானாம். மில்லுக்காரர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாராம், ஊர் முழுக்க வாய்க்கால் கரையில் நிற்கிறதாம். "மரத்துக்காரர் வராம ஒரு மட்டையைக்கூடத் தொடக் கூடாது" என்று சொல்லி எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறாள். பார்த்தீர்களா! நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. அத்தனை அதிகாரமும் மழையில் நனைந்துகொண்டு எனக்காகக் காத்துக் கிடக்கிறது. நான் போய் ம் என்று சொன்னால்தான் நடக்கும். இப்போது சொல்லுங்கள், தலைவர் யார்?

திரும்பிப் போகிற வண்டி எந்தப் பக்கம் நிற்கும் சார்? எதிர்ப்பக்கமா? சரி, இப்படியே இறங்கிப் போய்விடுகிறேன். ஆட்களை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாது.

அந்தப் பேப்பரை இப்படிக் கொடுங்கள், பைக்கு மேலே மூடிக்கொள்கிறேன். அட, நனைந்தால் நனையட்டும் சார். உள்ளே சோறு இருக்கிறது.